நெஞ்சுக்குள் ஒரு வானொலி

தோழியரே, இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர்களில் சில, தோலுக்கடியில் இருந்தபடியே வானொலி அலைகளால் மருத்துவரின் கருவியோடு பேசுகின்றன. அமெரிக்காவில் இவற்றை விற்க இரண்டு அனுமதிகள் தேவை. கருவி நோயாளிக்குப் பாதுகாப்பானதா என்று உணவு, மருந்து நிர்வாகம் ஆராய்கிறது. அலைகளைத் தகவல் தொடர்பு ஆணையம் கவனிக்கிறது. 1999இல் அது 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரை இக்கருவிகளுக்கு அனுமதித்தது. வானிலை பலூன்களும் அங்கேதான் செய்தி அனுப்புகின்றன! ஆகவே ஆற்றல் 25 மைக்ரோவாட்டைத் தாண்டலாகாது.

அனுமதி பெற்ற கருவியிலும் குறை வரலாம். 2017இல் அந்நாட்டில் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்குள் அந்நியர் அலைவழியே நுழைந்து கட்டளையிடக்கூடும் என்று தெரிந்தது. நல்லவேளையாக அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. மருத்துவமனையில் சுமார் 3 நிமிடங்களில் மென்பொருளைத் திருத்தினார்கள். அதுவரை கருவி நிமிடத்திற்கு 67 துடிப்பு என்று இதயத்தைக் காத்து நின்றது. 2023 முதல், இத்தகைய குறைகளைக் கண்டு களையும் திட்டத்தையும் விண்ணப்பத்தோடு தயாரிப்பாளர் கொடுத்தாக வேண்டும்.