ஒரு குன்றும் பல இலாகாக்களும்

அதியமான் அரசாண்ட தகடூரே இற்றைத் தருமபுரி என்பதைத் தமிழ் பயில்வோர் யாவரும் அறிவர். அந்நாட்டின் மேற்பரப்பைப் புலவர் வாயிலாக யாம் வகுப்பிற் கற்றோம். அதன் அடியிற் கிடக்கும் கனிமங்களுக்குக் காவலர் யாவர், அக்காவலர் தம்முட் கலந்து பேசுகின்றனரா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

அரூரிலிருந்து ஊத்தங்கரை நோக்கிச் செல்லும் நிலப்பகுதியில், பழம்பாறைகளின் பிளவுகளூடே, ஊரார் வெங்கச்சங்கல் எனக் கூறும் வெண்ணிறக் கல் நரம்பு நரம்பாக ஓடுகின்றது. அதன்கண் மாலிப்டினம் என்னும் உலோகத்தின் தாது உளதென்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையார் கண்டனர். எஃகிற்கு உறுதியூட்டுவது இவ்வுலோகம். யுரேனியச் சுரங்கம் இந்த ஜில்லாவில் இல்லை. ஆயினும் அண்டையிலுள்ள திருப்பத்தூரைச் சார்ந்த செவ்வாத்தூர்ப் பாறைகளில் யுரேனியம் கலந்த பைரோகுளோர் என்னும் கனிமம் உண்டு. ஜார்க்கண்டிலுள்ள ஜாதுகுடாச் சுரங்கத்தில் யுரேனியத் தாதுவினின்று மாலிப்டினமும் உடன்பொருளாக எடுக்கப்பட்டதுண்டு. மண்ணுக்குள் ஒருங்கிருக்கும் இவை, சட்டத்தில் வெவ்வேறு அதிகாரிகளிடம் சென்றுவிடுகின்றன.

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையை நோக்குவோம். அணுசக்திக்கு வேண்டிய கனிமங்கள் மத்தியப் பட்டியலில் உள்ளன. நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது. காடோ 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குச் சென்றது. யுரேனியத்தைத் தேடுவது ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அணுக்கனிம இயக்ககம். தோண்டிவருவது 1967-ல் நிறுவப்பெற்ற இந்திய யுரேனியக் கழகம். கதிர்வீச்சைக் கண்காணிப்பது 1983-ல் ஏற்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். சுரங்கத் தொழிலாளரின் பாதுகாப்பு தன்பாத்திலுள்ள வேறோர் இலாகாவின் பொறுப்பு. மாலிப்டினத்தின் வழி வேறு. 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, அது முதலான 24 வகைக் கனிமங்களை ஏலம் விடுவது மத்திய அரசு. குத்தகை எழுதித் தருவதும் வருவாய் பெறுவதும் மாநில அரசு.

நிற்க. நிலத்தின் பெயரையும் சிறிது ஆராய்தல் வேண்டும். வரி விதிக்கப்பெற்ற நிலத்திற்குப் புறம்பாய் நின்றது புறம்போக்கு. ஒன்றுக்கும் உதவாதவனை அச்சொல்லால் ஏசுகின்றோம். அஃது அச்சொல்லுக்கு இழைத்த அநீதியென்றே கருதுகின்றோம். மேய்ச்சற் புறம்போக்கில் ஊர் ஆடு மேய்கின்றது. ஏரிப் புறம்போக்கில் ஊர் நீர் தங்குகின்றது. சுடுகாட்டுப் புறம்போக்கில் ஊர் முன்னோர் உறங்குகின்றனர். எல்லார்க்கும் பயன்படுவதனாலேயே ஒருவர் பெயரிலும் பட்டா இல்லை. அதனையடுத்த குன்று, 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டப்படி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டிருப்பின், தாசில்தாரின் கையினின்று வன அதிகாரியின் கைக்குச் சென்றுவிடும். கனிம நரம்போ காட்டெல்லைக் கல்லைக் கண்டு நின்றுவிடுவதில்லை.

இவ்விலாகாக்கள் காலத்தே கலவாதொழியின் நேர்வது என்ன? ஜாதுகுடாச் சுரங்கம் வன அனுமதிச் சிக்கலால் 2014-ல் மூடப்பட்டு நெடுநாட் கிடந்தது. மதுரை ஜில்லா மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியை நம் நாட்டார் மறந்திரார். தமிழிக் கல்வெட்டும் சமணர் படுக்கையும் உடைய அவ்வூர்க் குன்றுகளை மாநில அரசு 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. அதன் ஒரு பகுதியையும் உள்ளடக்கி ஏறக்குறைய 2,000 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டனுக்காக ஏலம் விடப்பட்டது. 2024 நவம்பரில் ஏலதாரரும் தெரிவாயினர். ஊரார் திரண்டெழுந்தனர், டிசம்பர் 9-ஆம் நாள் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது, 2025 ஜனவரி 23-ல் ஏலம் ரத்தாயிற்று. முன்னரே எழுதினோம் என்றது மாநிலம். ஏலத்தை நீங்கள் தடுக்கவில்லையே என்றது மத்தியம். கடிதங்கள் இருபுறமும் இருந்தன. குன்றின்மேல் இரு திறத்தாரும் ஒருங்கு நின்று பார்த்த நாள் ஒன்று இருந்திருப்பின் இத்துணை அலைச்சல் நேர்ந்திராது.

தருமபுரிக்கு மீள்வோம். அரூர்ப் பக்கத்து வேலம்பட்டி மாலிப்டினப் பகுதியும் 2023 நவம்பரில் வெளியான முதல் ஏல அறிவிப்பில் இடம்பெற்றது. இங்கே கவலைக்குரியது தண்ணீர். இந்த ஜில்லாவின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. இளம்பிள்ளைகளின் பல்லிற் காவியேறுவதும் எலும்பு நோவதும் அதனால் விளைவன. ஆதலின் ஒகேனக்கல்லினின்று காவிரி நீரைக் கொணரும் திட்டம் 2013-ல் தொடங்கப்பெற்றது. ஆழச் சுரங்கம் வெட்டின் ஊறும் நீரை இறைத்தே ஆகவேண்டும். சுற்றுப்புறக் கிணறுகள் தாழக்கூடும். நீரைக் காக்கும் இலாகா ஏலம் முடிந்தபின் கோப்பைப் பார்த்துப் பயன் என்ன?

இதனை எடுத்துரைக்க ஊரார்க்கிருந்த வாயில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு. 2025 செப்டம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக்கனிமச் சுரங்கங்களுக்கும் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கும் அக்கேட்பினின்று விலக்களித்தது. தமிழ்நாட்டு முதலமைச்சர் மறுத்துக் கடிதம் எழுதினார். தேசத்திற்குக் கனிமம் வேண்டும் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் இலாகாக்கள் கலந்து பேசும் கூட்டத்திற் கிராமத்தார்க்கு இருந்த ஓர் இருக்கையை அகற்றிவிட்டு ஒருங்கிணைப்பு என்று கூறுதல் பொருந்தாது.

ஏல அறிவிப்புக்கு முன்னரே வருவாய், வனம், நீர், கனிமம் ஆகிய துறையினர் புலப்படத்தைக் கையிலேந்தி, ஊராட்சித் தலைவரும் உடன்வர, எல்லையை ஒருநாள் நடந்து பார்த்தல் கூடும். எந்தக் கிணறு எக்கோடையில் வற்றும், ஆடுகள் எவ்வழியே குன்றேறும் என்பவற்றை ஹைதராபாத்துப் படங்களும் நாகபுரிக் கோப்புகளும் காட்டா. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலும், உடன் நடக்கும் கிழவர் ஒருவரின் வாய்மொழியும் காட்டும்.