நொண்டும் குதிரை ஏன் தலையை உயர்த்துகிறது?

இராஜபாளையம் என்றால் நாய் நினைவுக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவாவும், அதற்குப் பால் தரும் மாடும். இப்பகுதியில் கால்நடை மருத்துவரிடம் அன்றாடம் வருபவை மாடு, ஆடு, நாய், கோழி முதலியவை. ஜட்கா வண்டிகள் மறைந்தபின் குதிரை வருவது அரிது. அப்படி வரும் குதிரை நொண்டினால், எந்தக் காலில் வலி என்று அறிவது எப்படி? இங்கே இயற்பியல் துணைக்கு வருகிறது.

400 கிலோ எடையுள்ள குதிரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலையும் கழுத்தும் முன்னே நீண்டிருப்பதால், எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை, அதாவது 240 கிலோவை, முன்னங்கால்களே தாங்குகின்றன. ஆகவே ஒவ்வொரு முன்குளம்பின் மீதும் 120 கிலோ. நாலுகால் பாய்ச்சலில் ஒரு முன்னங்காலை ஊன்றும்போது, அதன் மீதுள்ள சுமை குதிரையின் முழு எடையைப் போல் இரு மடங்கையும் தாண்டும்.

முன்னங்கால் ஒன்றில் வலி இருந்தால், அது தரையில் படும்போது குதிரை தலையை உயர்த்தும். புவியீர்ப்பு மையம் சற்றே பின்னால் நகர்கிறது. சுமையில் ஒரு பகுதி பின்னங்கால்களுக்குச் செல்கிறது. நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும்.

வலியின் காரணத்தைக் காண்பதற்கோ தனிப் பயிற்சி வேண்டும். குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் போன்றது. அதில் லாட ஆணி இறங்கினால் வலிக்காது. ஆணி சற்று உட்புறம் சாய்ந்தால் உணர்ச்சியுள்ள திசுவைத் துளைக்கும். காயத்தின் வழியே இரண ஜன்னிக் கிருமி நுழையலாம். அந்நோய் குதிரைகளை எளிதில் தாக்கும், உயிரையும் பறிக்கும்.

ஆதலால்தான் சட்டம் குறுக்கிடுகிறது. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984-இல் இயற்றப்பட்டது. அதன்படி, கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவரே மருத்துவம் செய்யலாம். சிறு பணிகளை, உரிய சான்றிதழ் பெற்றவர்கள் அவருடைய மேற்பார்வையில் செய்யலாம். பட்டப்படிப்பு, உள்ளுறைப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுகள். பிரிட்டனில் லாடம் அடிப்பவரும் பதிவு பெறவேண்டும். அதற்கான சட்டம் 1975-இல் வந்தது. இந்தியச் சட்டத்தில் லாடக்காரருக்கு அத்தகைய பதிவேடு இல்லை.

பட்டம் ஒன்றுதான், பார்க்கவேண்டிய விலங்குகளோ பல. குதிரையை அரிதாகவே காணும் ஊரில், மருத்துவரின் கை பழகுவது கடினம். எனவே பட்டம் பெற்ற பின்னும் பயிற்சி தொடரவேண்டும்.

செய்து பாருங்கள்: 30 செ.மீ. அளவுகோலை 5, 25 செ.மீ. குறிகளில் இரு ஆள்காட்டி விரல்களின் மீது வையுங்கள். 3 செ.மீ. குறியில் ஓர் அழிப்பானை வைத்து, நண்பரை விட்டு அதை மெல்லப் பின்னோக்கி நகர்த்தச் சொல்லுங்கள். எந்த விரலின் சுமை குறைகிறது? அந்த விரலே குதிரையின் வலிக்கும் கால்!