துருத்தி, ஒத்து, சுருதி

கேள்வி: ராணுவ அணிவகுப்பில் ஊதுகிற ‘பேக்பைப்’ ஸ்காட்லாந்தில் பிறந்ததா? நம் பக்கம் அப்படியொரு வாத்தியம் இருந்ததுண்டா?
(வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: அதற்குப் பேர் வாங்கித் தந்தது ஸ்காட்லாந்து, ஆனால் வாத்தியம் அதைவிடப் பழையது. ரோமச் சக்கரவர்த்தி நீரோ தோற்பை வாத்தியம் ஊதுவதாக நேர்ந்துகொண்டதை வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அயர்லாந்தில் வாயால் ஊதாமல், முழங்கையால் துருத்தியை அமுக்கிக் காற்றேற்றுகிறார்கள். துனீசியாவில் இதற்கு மெஸ்வெத் என்று பெயர். நம் நாட்டிலேயே, கார்வால் மலைக் கல்யாணங்களில் மசக்பீன் ஒலிக்கிறது.

நம் பக்கம் இருந்தது துத்தி. துருத்தி என்றும் சொல்வார்கள். பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் ஆட்டத்தின் சின்ன மேளக் குழுவில் முகவீணை, மிருதங்கம், தாளத்தோடு துத்தியும் இருந்தது. தென்னிந்திய வாத்தியங்களைப் பற்றி சி.ஆர். டே 1891இல் வெளியிட்ட நூலில் இதுவும் இடம்பெற்றிருக்கிறது. ஆட்டுத்தோல் பை, ஊத ஒரு குழல், ஒலிக்க ஒரு குழல், அவ்வளவுதான். ஸ்காட்லாந்து வாத்தியத்தில் பாட்டுக் குழலும் மூன்று சுருதிக் குழல்களும் ஒரே பையில் இருக்கும். இங்கே ராகம் முகவீணைக்கு, சுருதி மட்டும் துத்திக்கு.

இன்னொன்று: ஆற்றிடைக்குறைக்கும் தமிழில் துருத்தி என்று பெயர், அரங்கம் என்றாலும் அதே பொருள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் உங்கள் ஊரும் ஒரு துருத்திதான்.

கேள்வி: ‘ஒத்து ஊதுகிறான்’ என்று ஏளனமாகச் சொல்கிறோமே, அது எங்கிருந்து வந்தது?
(வாசகர், உறையூர்)

பதில்: பெரிய மேளம் எனப்படும் நாகஸ்வரக் குழுவிலிருந்து. நாகஸ்வரத்துக்குச் சுருதி கொடுக்கும் குழலே ஒத்து. பார்வைக்கு நாகஸ்வரம் போலவே இருக்கும். ஆனால் விரல் வைக்கத் துளை இல்லை. அடிப்பக்கத்தில் உள்ள சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். ஊதுபவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வார். துத்தியில் தோற்பை செய்கிற வேலையை இங்கே கன்னம் செய்கிறது. ராகம் ஓய்ந்தாலும் ஒத்து ஓயக் கூடாது. ஒரே சுரத்தை விடாமல் ஊதுவதால், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுபவனுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். இது நியாயமில்லை. ஆலாபனை நிற்பதே அந்த ஒரு சுரத்தின்மேல்தான்.

இப்போது பெரும்பாலும் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாளின் புறப்பாட்டில் எங்கேனும் ஒத்துக்காரரைக் கண்டால், ஒரு நிமிஷம் அவர் பக்கத்தில் நின்று கேளுங்கள்.