பழைய பெட்டி வாங்குமுன்

லான்ட்மாஸ்டருக்குப் பழைய பெட்டி வாங்கப் போகிறவர்கள் புதுப் பூச்சைக் கண்டு மயங்க வேண்டாம். விற்பதற்கென்று அடித்த பூச்சு வெடிப்பையும் கறளையும் மூடிவிடும்.

குனிந்து அடியைப் பாருங்கள். இயந்திரத்துடன் கொழுவும் இழுவைச் சட்டம்தான் முக்கியம். நெல் மூட்டைகளுடன் வரம்பு கடக்கும்போது குலுக்கம் முழுவதும் அங்கேதான் விழுகிறது. வெல்டிங் செய்த ஓரத்தில் மயிர்போன்ற வெடிப்பு உண்டா? கொழுவும் துளை தேய்ந்து நீண்டிருக்கிறதா? தட்டும் சட்டமும் சேருமிடத்தில் சேறும் உமியும் தங்கி ஈரம் காயாது. அங்கே கத்தி நுனியால் குத்துங்கள். இரும்பு பொடியாக உதிர்ந்தால் விலை பேசவே வேண்டாம்.

ஜக் வைத்துத் தூக்கிச் சில்லை ஆட்டுங்கள். ஆட்டம் கண்டால் பெயாரிங் தேய்ந்திருக்கும். அதை மாற்றலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். ரயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம். அது பெரிய செலவு. கால் பிரேக் இருந்தால் மிதித்துப் பாருங்கள். ஓட்டுபவர் இருப்பதும் பெட்டியில்தானே!

பத்திரத்தையும் கேளுங்கள். 2008, 2009இல் வன்னியில் எத்தனையோ பெட்டிகள் வீதியோரம் கைவிடப்பட்டன. பத்திரமில்லாத பெட்டி, உங்களைப்போல் இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தினுடையதாக இருக்கலாம். இலக்கத்தை ஒப்பிடாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.