கணக்கு மென்பொருளும் கைத்துண்டும்: உள்நுழைவுச் சிக்கல்களைத் தீர்ப்பது எப்படி?



சில காலத்திற்கு முன் ஓர் ஒக்டோபர் 28ஆம் திகதி மாலை. ஜூலை முதல் செப்ரெம்பர் வரையான காலாண்டின் ஜி.எஸ்.ரி. கணக்கைக் காட்டும் 'பாஸ்' அறிக்கைக்கு அன்றுதான் கடைசி நாள். பொயிண்ட் குக்கில் பலசரக்குக் கடை நடத்தும் அக்கா ஒருவர் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, ரெண்டு மணித்தியாலமா இருந்து அடிச்ச பில்லெல்லாம் போச்சு. சேவ் அமத்தினன், திரும்பக் கடவுச்சொல்லைக் கேக்குது. குடுத்து உள்ளுக்குப் போனால், கொஞ்ச நேரத்திலை வெளியிலை தள்ளுது. இண்டைக்குக் கடைசி நாளடா!"

இன்று நம்மவரின் சிறு வியாபாரங்கள் பெரும்பாலும் சீரோ, மைஓபி போன்ற இணையவழி மென்பொருள்களிலேயே கணக்கு வைக்கின்றன. அக்காவுக்கு நேர்ந்தது அநேகருக்கும் நேர்வதே. ஆதலால் அதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் இவ்விதழில் நோக்குவோம்.

அமர்வு என்பது யாது?

நல்லூர்த் திருவிழாவுக்குச் சைக்கிளிற் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோயிலுக்கு அண்மையிலுள்ள வளவுகளிற் சைக்கிளை விட்டால், ஓர் இலக்கத் துண்டைச் சைக்கிளில் கட்டி, அதே இலக்கமுள்ள மறு துண்டை நம் கையில் தருவார்கள். திரும்பி வரும்போது காவலர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, துண்டையே பார்ப்பார்.

இணையமும் அவ்வாறே இயங்குகின்றது. இணையத்தளத்தின் சேவைக் கணனிக்கு இயல்பில் ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு மறு பக்கத்தைக் கேட்டால், கேட்பவர் முன்பு வந்த அதே ஆள்தான் என்பது அதற்குத் தெரியாது. இக்குறையை நீக்க 1994இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மொன்ருல்லி என்பவர் உருவாக்கியதே 'குக்கி' எனப்படும் சிறு குறிப்பு. நாம் கடவுச்சொல்லைக் கொடுத்ததும் சேவைக் கணனி ஓர் இரகசிய இலக்கத்தை நம் உலாவியிடம் கொடுத்துவிடும். அதன்பின் ஒவ்வொரு சொடுக்கிலும் உலாவி அத்துண்டைக் காட்டும். துண்டு செல்லுபடியாகும் காலமே அமர்வு ஆகும். துண்டு காலாவதியானால், தொலைந்தால், அல்லது இரத்துச் செய்யப்பட்டால் நாம் மீண்டும் வாசலில் நிற்கவேண்டியதுதான்.

ஏன் வெளியே தள்ளுகின்றது?

முதலாவது காரணம் காலவரை. குறிப்பிட்ட நேரம் ஒன்றும் நடக்காவிட்டால் மென்பொருள் அமர்வை முடித்துவிடும். இங்கே ஒரு நுட்பத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் தட்டச்சுச் செய்வது பல மென்பொருள்களில் நம் திரையில் மட்டுமே நிற்கின்றது. சேவ் பொத்தானை அமத்தும்போதுதான் அது சேவைக் கணனிக்குப் போகும். ஆகவே நாம் வியர்க்க வியர்க்க வேலை செய்துகொண்டிருக்க, சேவைக் கணனியோ நாம் நித்திரையென எண்ணிக்கொள்ளும். அக்காவின் பில்கள் போனது இவ்விதமே. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை வரைவாகவேனும் சேமிப்பதே இதற்கு மருந்து.

இரண்டாவது, ஒரே பெயரிற் பலர் நுழைதல். சில மென்பொருள்கள் ஒரு பாவனையாளருக்கு ஓர் அமர்வையே அனுமதிக்கும். புதியவர் நுழைந்ததும் பழையவரின் துண்டு இரத்தாகிவிடும். அக்கா வீட்டிலிருந்து நுழைய, கடையிலிருந்த மகன் அதே பெயரில் நுழைய, தாயும் மகனும் ஒருவரையொருவர் வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். மகனை வெளியேறச் சொன்னதும் சிக்கல் தீர்ந்தது. நள்ளிரவுக்கு முன் அறிக்கையும் போய்ச் சேர்ந்தது. ஆனால் பில்களை முதலிலிருந்து அடிக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது, ஒரே உலாவியில் இரண்டு கணக்குகள். உலாவியின் தாவல்கள் அனைத்தும் ஒரே துண்டையே பகிர்கின்றன. ஒரு தாவலில் வெளியேறினால் மற்றவற்றிலும் வெளியேறியதாகும். இரு நிறுவனங்களுக்கு இரு பெயர்களில் நுழைபவர்கள் ஒன்றை குறோமிலும் மற்றதை எட்ஜிலும் திறப்பது நன்று.

ஒழுங்காகப் பார்க்கும் முறை

பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது காரணமென்று தெரியாமற் போய்விடும். கீழ்வரும் ஒழுங்கில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. திரையில் வந்த செய்தியைச் சொல்லுக்குச் சொல் எழுதி, நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. வேறெவருக்கும் அதே சிக்கல் உண்டா எனக் கேளுங்கள். நிறுவனத்தின் சேவை நிலைப் பக்கத்தையும் பாருங்கள். பிழை அவர்கள் பக்கமாயின் காத்திருப்பதே வழி.

3. உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் நுழைந்து பாருங்கள். அச்சாளரம் பழைய துண்டுகள் எதுவுமின்றித் திறப்பது. அதில் வேலை செய்தால், பெரும்பாலும் பழைய குக்கிகளோ உலாவியிற் சேர்த்த நீட்சிகளோதான் காரணம்.

4. அவ்வாறாயின் அந்தத் தளத்தின் குக்கிகளை மாத்திரம் அழியுங்கள். எல்லாவற்றையும் அழித்தால் மற்றத் தளங்களிலும் மறுபடி நுழைய நேரிடும்.

5. கைத்தொலைபேசிச் செயலி தரும் ஆறு இலக்கக் குறியீடு ஏற்கப்படாவிட்டால் மணிக்கூட்டைப் பாருங்கள். அக்குறியீடு நேரத்தைக்கொண்டு கணிக்கப்பட்டு, பொதுவாக 30 வினாடிக்கு ஒருமுறை மாறுவது. நேரம் பிசகினால் குறியீடும் பிசகும். நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பை இயக்கிவிடுங்கள்.

துண்டைப் பேணல்

சைக்கிள் காவலர் முகம் பார்ப்பதில்லை என்றோம். நம் துண்டு வேறொருவர் கையிற் கிடைத்தால் அவருக்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, ஆறு இலக்கமும் தேவையில்லை. 2010 ஒக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் வெளியிட்ட 'பயர்ஷீப்' என்னும் சிறு மென்பொருள், பொது வைபையில் மறைகுறியாக்கமின்றிப் போகும் துண்டுகளைப் பிடித்துக் காட்டி உலகைத் திடுக்கிட வைத்தது. அதன் பின்னரே பல தளங்கள் பாதுகாப்பான இணைப்பிற்கு விரைந்து மாறின.

2023 ஒக்டோபரில் வேறொரு பாடம் கிடைத்தது. உள்நுழைவுச் சேவை வழங்கும் ஒக்ரா நிறுவனத்தின் உதவிப்பிரிவுக்கு, வாடிக்கையாளர்கள் தம் சிக்கலைக் காட்ட அனுப்பியிருந்த கோப்புகளை ஊடுருவியோர் எடுத்தனர். உலாவியின் போக்குவரத்தைப் பதியும் 'ஹார்' கோப்புகளும் அவற்றுள் இருந்தன. சிலவற்றில் உயிருள்ள அமர்வுத் துண்டுகளும் இருந்தன. 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் பார்க்கப்பட்டு, ஐவரின் அமர்வுகள் கைப்பற்றப்பட்டன. ஆகவே உதவிப்பிரிவு அத்தகைய கோப்பைக் கேட்டால், துண்டுகளை நீக்கிய பின்னரே அனுப்புங்கள். அனுப்பியதும் எல்லா அமர்வுகளிலிருந்தும் வெளியேறுங்கள். நூலகக் கணனியில் வேலை செய்தால் சாளரத்தை மூடுவது போதாது. வெளியேறும் பொத்தானை அமத்த வேண்டும். தொலைபேசியில் அழைத்து ஆறு இலக்கத்தைக் கேட்பவர் எவராயினும் கொடுக்கவேண்டாம்.

ஒரு துண்டுக் கடதாசியின்றிச் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாத காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். துண்டின் பெறுமதியை நமக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஒரு பெயரில் நால்வர்

கடைசியாக, நாமே செய்த பிழையொன்றையும் சொல்லவேண்டும். முன்னர் ஒரு பொது அமைப்பின் கணக்கு வேலையில் உதவினோம். இலகுவென்று கருதி நால்வரும் ஒரே பெயரில் நுழைந்தோம். ஒருநாள் 501 டொலர் நன்கொடையொன்று முதலில் இரண்டு பதிவாகவும், மறுநாள் ஒரே பதிவாகவும் காணப்பட்டது. அழித்தவர் யார்? பதிவேடு ஒரே பெயரையே காட்டியது. பேச்சு வளர்ந்து, பல ஆண்டு தொண்டு செய்த பெரியவர் ஒருவர் மீது சிலரின் கண் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டார்.

வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டபோது வங்கிக்கு வந்தது ஒரே 501 டொலர் என்று தெரிந்தது. சேமிக்கும்போது அமர்வு முடிந்ததால் எம்முள் ஒருவர் மறுபடி நுழைந்து அதே நன்கொடையை மீண்டும் பதிந்திருந்தார். முதற்பதிவும் போய்ச் சேர்ந்திருந்தது. மேலதிகமானதைக் கண்ட இன்னொருவர் நல்லெண்ணத்துடன் அழித்திருந்தார். களவு எதுவும் இல்லை. ஆனால் அதை அறியுமுன்னர் ஒரு நல்ல மனிதரின் மனம் நொந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டோம், அவர் திரும்பியும் வந்தார். கணக்குப் பக்கம் மட்டும் வருவதில்லை.

ஏ.சி.என்.சி.யிற் பதிவுபெற்ற அறநிறுவனங்கள் தம் நிதிப் பதிவுகளை 7 ஆண்டுகள் பேணவேண்டும். எந்தப் பதிவை யார் செய்தார் என்பது தெரியாவிட்டால், அவ்வளவு காலம் பேணியும் ஒருவரின் நேர்மைக்கு அது சாட்சி சொல்லாது.

ஆதலால் வாசகர்களே, இவ்வாரமே உங்கள் கடையிலும் சங்கத்திலும் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல் என ஒழுங்கு செய்யுங்கள். விலகிச் சென்றவர்களின் பெயர்களை நீக்குங்கள். சிறிது செலவும் சிறிது சிரமமும் உண்டுதான். ஆனால் சொல்லடி படுவதைவிட அது மலிவு.