குழந்தை எதனால் இறந்தது? நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஐந்து வயதை எட்டாமல் 2022-ல் இறந்த குழந்தைகள் உலகெங்கும் சுமார் 49 லட்சம் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு. 1990-ல் இது 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். பெரிய இறக்கம்தான். ஆனால் எத்தனை பேர் என்பது ஒரு கேள்வி, எதனால் என்பது வேறு கேள்வி. இரண்டாவதைப் பற்றி நம்மிடம் உலவும் எண்ணங்கள் பல தவறானவை.

நம்பிக்கை: இறப்புச் சான்றிதழ்களை எண்ணினால் காரணம் தெரிந்துவிடும்.

உண்மை: குழந்தைகள் அதிகம் இறக்கும் ஊர்களில் சான்றிதழே இருப்பதில்லை. வீட்டில் பிறந்து, வீட்டிலேயே இறந்து, பொழுது சாய்வதற்குள் புதைக்கப்படும் சிசு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2020-ல் பதிவான இறப்புகளில், எல்லா வயதும் சேர்த்து, 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் உண்டு. உலகப் பட்டியல்களில் நாம் பார்க்கும் எண்களில் பெரும்பகுதி, கிடைத்த கொஞ்சத்தை வைத்துக் கணித மாதிரிகள் போட்ட மதிப்பீடு.

சான்றிதழ் இருந்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது? பல நேரம் ‘இதயமும் சுவாசமும் நின்றதால்’ என்று இருக்கும். சாகிற எல்லோருக்கும் அவை நிற்கத்தானே செய்கின்றன! உலக சுகாதார நிறுவனத்தின் படிவம் கேட்பது அதை அல்ல, முடிவுக்கு இட்டுச்சென்ற தொடரின் முதல் காரணத்தை.

நம்பிக்கை: தாயிடம் விசாரித்து எழுதுவது வெறும் கதை, அறிவியல் ஆகாது.

உண்மை: பயிற்சி பெற்ற ஒருவர், துக்கம் சற்று ஆறிய பிறகு, குழந்தை இறந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்கிறார். பிறந்ததும் அழுததா? முதல் இரண்டு நாள் பால் குடித்ததா? பிறகு எப்போது நிறுத்தியது? உடம்பு விறைத்து வில்லாக வளைந்ததா? மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே உள்ளே இழுத்ததா? நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த சிசு மூன்றாம் நாளுக்கு மேல் குடிப்பதை நிறுத்தி, விறைத்து, வலிப்பு கண்டு இறந்தது என்று தாய் சொன்னால், அது ரண ஜன்னி என்று ஓரளவு உறுதியாகவே சொல்லிவிடலாம். இதற்கு வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று பெயர். பஞ்சாபின் நாரங்வால் கிராமத்தில் நடந்த ஆய்வுகள் இதன் தொடக்க காலத்தைச் சேர்ந்தவை. பின்னர், ஆய்வாளர் பிரபாத் ஜாவும் இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகமும் சேர்ந்து நடத்திய பத்து லட்சம் மரணங்களின் ஆய்வு இதே முறையைக் கையாண்டது. ஒவ்வொரு படிவத்தையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணம் குறிப்பார்கள். ஒத்துவராவிட்டால் மூன்றாமவரிடம் போகும்.

பிழை வராதா? வரும். காய்ச்சல் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மலேரியாவும் இருக்கும், வேறு பத்து நோயும் இருக்கும். இந்த ஆய்வு 2010-ல், 70 வயதுக்குட்பட்டோரில் ஆண்டுக்கு சுமார் 2 லட்சத்து 5 ஆயிரம் பேர் இந்தியாவில் மலேரியாவால் இறக்கிறார்கள் என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அப்போதைய மதிப்பீடு 15 ஆயிரம். எது சரி என்று பெரிய சண்டையே நடந்தது. என்னைக் கேட்டால் அந்தச் சண்டை நல்லது. அந்த 15 ஆயிரத்தைத் திருப்பிக் கேட்க வைத்தது அதுதான்.

நம்பிக்கை: குழந்தையின் உடலைச் சோதிக்க எந்தப் பெற்றோரும் சம்மதிக்கமாட்டார்கள்.

உண்மை: அறுத்துப் பார்ப்பதற்குப் பலரும் மறுப்பார்கள். ஊசியால் திசு எடுப்பது வேறு. எமரி பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்க, கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியில் 2015-ல் தொடங்கிய ‘சாம்ப்ஸ்’ வலையமைப்பு இதைத்தான் செய்கிறது. மொசாம்பிக்கின் மனிசா, தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோ, வங்கதேசத்தின் பாலியகாந்தி போன்ற இடங்களில், குழந்தை இறந்த ஒரு நாளுக்குள் பெற்றோரின் ஒப்புதல் பெற்று, நுரையீரல், கல்லீரல், மூளையிலிருந்து மெல்லிய ஊசியால் துளித்துளியாகத் திசு எடுக்கிறார்கள். உடல் குலையாது, அடக்கமும் அதிகம் தள்ளிப்போகாது. முடிவு வந்ததும் பெற்றோரிடம் போய்ச் சொல்கிறார்கள். ‘என் பிள்ளை ஏன் போனது’ என்று அறிய விரும்பாத பெற்றோர் குறைவு. அவர்களிடம் கேட்பாரில்லை என்பதுதான் நெடுநாள் நிலைமை.

நம்பிக்கை: ஒரு குழந்தைக்கு ஒரே காரணம்.

உண்மை: சாம்ப்ஸ் பார்த்த பல குழந்தைகளில் ஊட்டக்குறைவு, ரத்தத்தில் கிருமி, நிமோனியா என்று ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா யாரும் எதிர்பாராத அளவுக்குத் தென்பட்டது. அதில் கணிசமானது மருத்துவமனையிலேயே தொற்றியது.

நம்பிக்கை: காரணம் தெரியாவிட்டால் அது ஏதோ மர்ம வைரஸ்தான்.

உண்மை: பீகாரின் முசாபர்பூரில் 1995 முதல், லிச்சி பழுக்கும் மே, ஜூன் மாதங்களில், நேற்றுவரை ஓடியாடிய குழந்தைகள் விடியற்காலையில் அலறி, வலிப்பு கண்டு, நினைவிழந்து இறந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள், வெயில் என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள். வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜானும் ஆய்வாளர் முகுல் தாஸும் 2014-ல் லிச்சியின் பக்கம் கை நீட்டினார்கள். அதே ஆண்டு இந்தியாவின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்க சி.டி.சி.யும் இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 நோயாளிகளை ஆராய்ந்தன. அவர்களில் 122 பேர் இறந்தனர். நோயாளிகளில் பலருக்கு ரத்தச் சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. லிச்சி தின்றதும் இரவு சாப்பிடாததும் நோயோடு சேர்ந்தே வந்தன. சிறுநீரில் ஹைப்போகிளைசின் என்ற லிச்சி நச்சின் சுவடுகள் கிடைத்தன. வெறும் வயிற்றில் படுத்த நோஞ்சான் பிள்ளைக்குக் கல்லீரலில் இருக்கும் சேமிப்பு விடிவதற்குள் தீர்ந்துவிடும். உடம்பு கொழுப்பை எரிக்கப் பார்க்கும். இந்த நச்சு அதை மறித்துவிடும்.

பரிந்துரை மூன்றே: லிச்சியைக் குறையுங்கள், இரவு சோறு கொடுங்கள், வலிப்போடு வரும் குழந்தைக்கு உடனே சர்க்கரை அளவைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஆனால் 2019 ஜூனில் அதே மாவட்டத்தில் மறுபடி நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். லிச்சி மட்டும்தான் முழுக் காரணமா என்று நிபுணர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சர்க்கரை இறங்கிய குழந்தைக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதில் யாருக்கும் தகராறு இல்லை.