உரிமை எல்லோருக்கும் உரியது

பிறப்பையும் நிறத்தையும் கொண்டு எவரும் எவரையும்விட உயர்ந்தவராகிவிட முடியாது என்று இறுதி ஹஜ்ஜின்போது பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். இதை மேடையில் சொல்வது எளிது. வாழ்வில் நிலைநாட்டுவது எவ்வளவு அரிது என்பதை நம் விருதுநகர், சிவகாசி வட்டாரத்தின் வரலாறே காட்டும்.

சமவுரிமைப் போராட்டம் என்றதும், 1955-ல் அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரை நினைக்கிறோம். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் முன்பே நம் பக்கத்து ஊர்களில் அத்தகைய போராட்டம் தொடங்கிவிட்டது.

கமுதியும் சிவகாசியும்

பனைத் தொழிலிலிருந்து வாணிபத்துக்கு வந்து முன்னேறிய நாடார் சமூகத்தாரிடம் செல்வம் சேர்ந்தது. ஆனால் கோயில் வாசல் திறக்கவில்லை. 1897-ல் அவர்களில் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். அறங்காவலரான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். பகை முற்றியது. 1899 ஜூன் 6-ல் சிவகாசி தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. மதுரையிலும் சென்னை ஹைகோர்ட்டிலும் தோற்ற அவர்கள், 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோற்றனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாங்கள் சத்திரியர், ஆகவே நுழைய உரிமையுண்டு என்பதே அவர்கள் வைத்த வாதம். அதாவது, ஏணியை அகற்றும்படி அவர்கள் கேட்கவில்லை. அதில் உயர்ந்த படி ஒன்றையே கேட்டனர். தங்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்தோருக்கு அந்த வாதத்தில் இடமில்லை.

பிடி அரிசி

விருதுநகரில் இன்னொரு பணியும் நடந்தது. உலை வைக்கும்போது தாய்மார்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தனர். வீடுவீடாகத் திரட்டிய அந்த அரிசியின் பணம் க்ஷத்திரிய வித்யாசாலை என்னும் பள்ளிக்கு உதவியது. 1903-ல் அவ்வூரில் பிறந்த காமராஜர் அங்கே படித்தார். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது, எல்லாச் சாதி ஏழைப் பிள்ளைகளுக்கும் மதிய உணவோடு கல்வி கிடைக்க வழி செய்தார்.

1939 ஜூலை 8-ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். கக்கன் முதலியோருடன் விருதுநகர் எஸ்.எஸ். சண்முக நாடாரும் சென்றார். தனித்துக் கேட்டபோது மறுக்கப்பட்ட வாசல், எல்லோருடனும் சேர்ந்து சென்றபோது திறந்தது. அதே ஆண்டு சட்டமும் துணைக்கு வந்தது.

நமக்குரிய பாடம்

தொழுகை அணியில் முதலாளியும் தொழிலாளியும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். நல்லது. ஸலாம் கொடுத்து எழுந்தபின் என்ன செய்கிறோம்? துப்புரவு செய்ய வருபவருக்குத் தனித் தம்ளர் வைத்திருக்கும் வீடு நம்மில் இல்லையா? முடி திருத்தும் சகோதரரின் வீட்டில் பெண் எடுக்கத் தயங்குவோர் நம் ஜமாஅத்தில் இல்லையா? அடிமையாயிருந்த ஹளரத் பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்ல நிறுத்திய மார்க்கத்தை வைத்துக்கொண்டு நாம் ஏணிப்படி எண்ணலாமா?

தாய்மார்களே, விருதுநகரின் உரிமை வரலாற்றில் அடுப்படிக்கும் பங்குண்டு. உங்கள் வீட்டில் அந்தத் தம்ளர் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே தம்ளரில் தண்ணீர் கொடுக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்குச் சமத்துவம் தானே விளங்கும். நமக்குக் கேட்கும் உரிமையைப் பிறருக்கும் கேட்கும் நெஞ்சை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.